தூசி இல்லை, நீர்க்காகம்

மைக் அக்காவுக்கு வார விடுமுறை புதன்கிழமை. மற்ற ஆறு நாளும் பேருந்து நிலையத்தின் இரண்டாவது மாடியில், கால் நீட்ட இடமில்லாத ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை குடிநீர்க் குழாய் பக்கத்தில் அநாதையாகக் கிடக்கிறது என்பதையெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். பதினேழு வருடமாக இதே வேலை. ஓட்டுநர்களும் நடத்துநர்களும் வைத்த பெயர்தான் மைக் அக்கா. அது எப்படியோ வீடு வரைக்கும் வந்துவிட்டது. கணவருக்குக் கோபம் வந்தால், "முதல்ல மைக்கை அணை" என்பார்.

பேசிப் பேசியே பிழைக்கிறவளுக்குப் பேசாமல் இருப்பதில்தான் ஆசை. ஆனால் வீட்டில் அந்த ஆசை செல்லுபடியாகாது. கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். நாளெல்லாம் "கிளட்சை விடு, பிரேக்கை மிதி" என்று கத்திவிட்டு வந்தும் அவருக்குத் தொண்டை வற்றாது. மகள் தண்ணீர் ஊற்றும்போது டம்ளர் நிரம்பி வழியப் போனால்கூட அவருடைய வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். மகள் பல் மருத்துவம் படிக்கிறாள். அவளுக்குக் கைப்பேசியில் எப்போதும் யாராவது ஒரு தோழி அழுதுகொண்டிருப்பாள். மாடியில் நாத்தனார். கணவருக்கு மூத்தவர், தனிக்கட்டை. அவருடைய கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. நாத்தனார் மாடிப்படியில் கால் வைக்கும்போதே பேச ஆரம்பித்தால், கீழே வந்து சேர்வதற்குள் இரண்டு கல்யாணமும் ஓர் அறுவை சிகிச்சையும் முடிந்திருக்கும். நல்ல மனுஷி. பாசம் கொட்டும். கொட்டுகிற சத்தம்தான் கொஞ்சம் அதிகம்.

கேமரா வந்த கதை இது. பள்ளியின் விளம்பரத் தாளுக்குப் படம் எடுக்கிறேன் என்று கணவர் வாங்கினார். நாலு படம் எடுத்தார், நாலிலும் அவருடைய கட்டை விரல் விழுந்தது. அலமாரியில் தூங்கிய கேமராவை மைக் அக்கா ஒரு புதன்கிழமை எடுத்துக்கொண்டு, முதல் பேருந்து பிடித்து, ஊருக்கு வெளியே இருக்கும் நீர்த்தேக்கத்தின் கரைக்குப் போனாள். ஒரு கொக்கைப் படம் எடுக்க நினைத்தாள். லென்ஸுக்கு அவ்வளவு தூரம் எட்டவில்லை. கிட்டே போனால் கொக்கு எட்டிப் போனது. இவள் இரண்டு அடி வைத்தால் அது இருபது அடி பறந்தது. கடைசியில் சலித்துப்போய், இருந்த இடத்திலிருந்தே ஒன்றைத் தட்டிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது படம் முழுக்க வெளிறிய வானமாக இருந்தது. ஓரத்தில் கொசுறு மாதிரி ஒரு கொக்கு. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு மறுபடி பார்த்தாள். பக்கத்து அறையில் தொலைக்காட்சியும், மாடியில் மிக்ஸியும், வாசலில் கணவரும் ஒரே நேரத்தில் இரைந்துகொண்டிருந்தார்கள். படத்துக்குள் ஒரு சத்தமும் இல்லை. அந்தக் கொக்கைச் சுற்றி எத்தனை இடம். யாரும் அதை எதுவும் கேட்கவில்லை. எந்த நடைமேடை என்றுகூடக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவள் பறவையைப் பெரிதாக எடுக்க முயன்றதே இல்லை. வானம் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, மூலையில் ஒரு பறவை. மூடுபனி விழும் மாதங்களில் வானமும் தண்ணீரும்கூட ஒன்றாகிவிடும்; வெறும் வெள்ளை, அதில் ஒரு கீறல். இரண்டு வருடத்தில் இப்படி முந்நூறு படத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது.

வீட்டில் இதற்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லி முடியாது. மகள் ஒவ்வொரு புதன்கிழமையும் கணினித் திரையில் மூக்கை வைத்து, "எங்கம்மா குருவி? ஒரு குறிப்பு குடு" என்பாள். கணவர், "கண் பரிசோதனைக்கு இதைக் காட்டலாம். பறவை தெரிஞ்சா ஓட்டுநர் உரிமம், தெரியலேன்னா வீட்டுக்குப் போ" என்பார். நாத்தனார்தான் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"ஏம்மா, இவ்வளவு காலங்காத்தால எழுந்து, ரெண்டு பஸ் மாறிப் போய், வெறும் ஆகாசத்தை எடுத்துக்கிட்டு வர்றியே. நம்ம மொட்டை மாடியிலயே ஆகாசம் சும்மாதானே கிடக்கு?"

"அங்க நீங்க இருக்கீங்களே அண்ணி" என்று வாய் வரைக்கும் வந்ததை மைக் அக்கா விழுங்கிக்கொண்டாள்.

இப்படி இருக்கையில் பொது நூலகத்தில் ஒரு புகைப்படக் கண்காட்சி வைக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. ஒலிபெருக்கியில் அதை வாசித்தவளே அவள்தான். வாசித்துக்கொண்டிருக்கும்போதே முடிவு செய்துவிட்டாள். ஐந்து படங்களின் சிறிய பிரதிகளை மகள் அனுப்பிக்கொடுத்தாள். ஒன்று தேர்வானது. மூடுபனிக்குள் தாழப் பறந்து போகும் ஒரு நீர்க்காகம். படத்தின் வலது பக்கம், கீழே, வெளியேறப் போகிற மாதிரி. மூன்றடி அகலத்தில் அச்செடுத்து, சட்டம் போட்டு, கண்காட்சிக்கு முந்தின சனிக்கிழமை மதியத்துக்குள் கொண்டுவரவேண்டும் என்று நூலகர் எழுதியிருந்தார். அந்த அளவில் அச்சடித்தாலும் பறவை ஒரு எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அவ்வளவுதான்.

ஊரில் பெரிய அளவில் படம் அச்சடிப்பவர் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. எல்லோருக்கும் அவர் 'சுத்தம்'. மாப்பிள்ளை முகத்துப் பரு, மணப்பெண் தலைக்குப் பின்னால் போகும் மின்கம்பி, யாரும் கூப்பிடாமல் வந்து நடுவில் நின்ற உறவினர் என எதையும் கணினியில் தடம் தெரியாமல் துடைத்துவிடுவார். முடித்ததும் நாற்காலியில் சாய்ந்து "சுத்தம்" என்பார். மைக் அக்கா கேமராவின் நினைவக அட்டையை அவரிடம் கொடுத்து, படத்தை அவர் கணினியில் ஏற்றிக்கொண்டதும் திரும்ப வாங்கி வந்தாள். கடையில்தான் ஒரு பிரதி இருக்கிறதே என்ற தைரியத்தில், அடுத்த புதன்கிழமை கிளம்பும்போது அட்டையை மொத்தமாக அழித்துவிட்டாள். பழைய படங்கள் எல்லாம் வீட்டுக் கணினியில் இருந்தன. இது ஒன்றை மட்டும் மகள் அட்டையிலிருந்தே சிறிதாக்கி அனுப்பியிருந்தாள்; இன்னும் ஏற்றவில்லை.

அதற்கடுத்த புதன்கிழமை மாலை, சட்டம் போட்ட படம் பழுப்புத் தாளில் கட்டி வந்தது. கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்து, குடும்பமே சுற்றி நிற்க, தாளைப் பிரித்தாள்.

வெள்ளை. அழகான, மெல்லிய, சாம்பல் கலந்த வெள்ளை.

"எங்கே, குறிப்பு குடு" என்றாள் மகள்.

"வலது பக்கம், கீழ" என்றாள் மைக் அக்கா. சொல்லிவிட்டு அவளே குனிந்து பார்த்தாள். சட்டத்தின் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். கணவர் தம்முடைய வாசிப்புக் கண்ணாடியைக் கொண்டுவந்து, படத்தை ஓரம் ஓரமாக, நிறுத்திய வண்டியைச் சுற்றிப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இதோ இருக்கே" என்றார் நாத்தனார். அவர் விரல் வைத்ததும் அது நகர்ந்து சட்டத்தின் மேல் ஏறிப் போய்விட்டது. எறும்பு.

"அம்மா, பறவை இல்லம்மா" என்றாள் மகள் கடைசியில். இந்த முறை அவள் விளையாடவில்லை.

"பறந்து போயிருக்கும்" என்றார் கணவர். சொன்ன பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, வலது காலால் தரையை மிதித்தார்.

மைக் அக்கா உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். அன்று மாலை முழுவதும் அந்த வீட்டில் யாரும் தொலைக்காட்சியைப் போடவில்லை. நாத்தனார் மாடிப்படியில் பேசாமல் ஏறினார். அவள் இத்தனை வருடம் ஆசைப்பட்ட அமைதி வந்தது. வந்த விதம்தான் சரியில்லை.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் கடைக்குப் போனாள். சுத்தம் அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தார்.

"பாத்தீங்களா மேடம்? ஒரு தூசி கிடந்துச்சு, மூலையில. நீங்க சொல்லாமலேயே எடுத்துட்டேன். தடம் தெரியுதா பாருங்க. தெரியாது."

"அந்தத் தூசிக்கு ரெண்டு ரெக்கை இருந்துச்சே, அண்ணே. பாக்கலையா?"

அவர் புரியாமல் பார்த்தார். அவள் விளக்கினாள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் அந்த மனிதரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிப்போனதைப் பார்த்தபோது, பாதியிலேயே அவளுடைய குரல் தணிந்துவிட்டது. அவர் கணினியைத் திறந்து தேடினார். துடைத்த படத்தை அதே பெயரில் சேமித்திருந்தார். பழையது போயே போய்விட்டது. நூலகத்துக்கு அனுப்பிய சிறிய பிரதியைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். நீர்க்காகம் நாலு கறுப்புக் கட்டமாகத் தெரிந்தது.

"இருபத்திரண்டு வருஷமா துடைக்கிறேன் மேடம்" என்றார் அவர். "ஒரு உசுரைத் துடைச்சதில்ல. ஒரு தடவை ஒரு பெரியப்பாவைத் துடைச்சேன். அது அவங்களே கேட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு கோபத்தைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை. அங்கிருந்தே நூலகருக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னாள். அதே மாதிரி வேறொரு படமானாலும் பரவாயில்லை, சனிக்கிழமை மதியம் மட்டும் தாண்டக்கூடாது என்றார் அவர். பழையவற்றில் ஒன்றைக் கொடுக்கலாமே என்று சுத்தம் கேட்டார். அவளுக்கு மனம் வரவில்லை. இந்த வாரம்தான் மூடுபனி நன்றாக விழுகிறது; நாளை வெள்ளிக்கிழமை காலை வேலையை மதியத்துக்கு மாற்றிக்கொண்டு போய் எடுத்துவிடலாம் என்றாள்.

"நானும் வர்றேன்" என்றார் சுத்தம்.

"நீங்க எதுக்கு?"

"எடுத்த உடனே அங்கேயே பாத்துக்கறேன். எது பறவைன்னு எனக்கு நேர்ல தெரியணும்."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது கணவர், "ரெண்டு பஸ் மாறி எதுக்குப் போகணும்? நம்ம வண்டியில போயிடலாம்" என்றார். மகள் தனக்குக் கல்லூரி பத்து மணிக்குத்தான் என்றாள். நாத்தனார், வீட்டில் தேயிலை இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். வெள்ளிக்கிழமை விடியுமுன் பெரிய பிளாஸ்க் நிறையத் தேநீரும் ஐந்து டம்ளரும் ஒரு பாயுமாக வாசலில் நின்றிருந்தார்.

இப்படியாக, தனிமையைப் படம் எடுக்க ஐந்து பேர் கிளம்பினார்கள். கூரை மேல் பயிற்சிப் பலகையும், இரண்டு பக்கம் பிரேக்கும் உள்ள வண்டி. மகள் ஓட்டினாள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து பாதி பிரேக்கை அவரே போட்டார். பின் இருக்கையில் நாத்தனார் சுத்தத்திடம், தம்முடைய கல்யாணப் படத்தில் காதோரம் விழுந்த ஒரு நிழலை இனிமேல் எடுக்க முடியுமா என்று விசாரித்துக்கொண்டே வந்தார். மைக் அக்கா ஜன்னல் பக்கம் ஒடுங்கி உட்கார்ந்து, இன்றைக்கு ஒரு காகம்கூட மிஞ்சாது என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டாள்.

கரையில் மூடுபனி தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஐந்து பேரும் இறங்கி, நாலு கதவையும் நாலு விதமாகச் சாத்தினார்கள். எங்கோ பனிக்குள்ளிருந்து ஒரு கூட்டம் படபடவென்று எழும்பிப் போன சத்தம் மட்டும் கேட்டது.

"அதோ போகுது" என்றார் கணவர்.

"எங்கப்பா?"

"சத்தம் கேட்டுச்சில்ல."

"டீ ஆறிடும், முதல்ல குடிச்சிடுங்க" என்றார் நாத்தனார். "ஏம்மா, இங்க பாம்பு கீம்பு இருக்குமா?"

மைக் அக்கா கேமராவைக் கீழே இறக்கினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். வேலைக்குரிய குரல், அவள் கூப்பிடாமலேயே வந்துவிட்டது. நிதானமாக, ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் விட்டு, ஊரே அறிந்த அந்தக் குரல்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. அடுத்த ஒரு மணி நேரத்துக்கு இந்தக் கரையில் பேச்சு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. பயணிகள் ஒருவருக்கொருவர் ஐம்பது அடி தள்ளி உட்காருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். தேநீர் பிறகு வழங்கப்படும்."

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பதினேழு வருடமாக அந்தக் குரல் சொன்ன நடைமேடைக்குத்தான் அவர்களும் ஓடியிருக்கிறார்கள். கால் தானாகக் கீழ்ப்படிந்தது. கணவர் ஒரு கல்லைத் தேடிப் போனார். மகள் கைப்பேசியை அணைத்துச் சட்டைப்பையில் போட்டாள். சுத்தம் கரையோரமாக நடந்து பனியில் மறைந்தார். நாத்தனார் பாயை எடுத்துக்கொண்டு இடது பக்கம் போனார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவரும் ஒரு சாம்பல் உருவமாகி, பிறகு ஒரு கோடாகி நின்றார்.

பத்து நிமிடம் போயிற்று. கணவர் இரண்டு முறை இருமினார், பிறகு அதுவும் நின்றது. பனி மெல்ல நகர்ந்தது. தண்ணீர் கரையை நக்கும் சின்னச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மைக் அக்காவின் தோள்கள் தளர்ந்தன. நாலு பேர் சுற்றி இருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது, அது உறுத்தவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

முதலில் இரண்டு ஆலாப் பறவைகள் வந்தன. அவள் எடுக்கவில்லை. ஒரு கொக்கு வந்தது, அதையும் விட்டுவிட்டாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. வெளிச்சம் ஏறினால் பனி கலைந்துவிடும்.

யாரோ முழங்கையைத் தொட்டார்கள். நாத்தனார். எப்போது எழுந்து வந்தார், எப்படிக் காலடி கேட்காமல் வந்தார் என்று தெரியவில்லை. செருப்பு இரண்டும் கையில் இருந்தன. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கையை நீட்டி, இடது பக்கம், மிக மேலே காட்டினார். அங்கே ஒன்றும் இல்லை. அடுத்த நொடி இருந்தது. ஒரு நீர்க்காகம், கழுத்தை நீட்டிக்கொண்டு, தன் பாட்டுக்கு, எங்கேயோ போக வேண்டிய வேலை இருப்பது போல அந்த வெள்ளைக்குள் போய்க்கொண்டிருந்தது. மைக் அக்கா மூன்று முறை பொத்தானைத் தட்டினாள். பிறகு அது இல்லை.

தேநீர் வழங்கப்பட்டது. சுத்தம் கேமராத் திரையில் படத்தைப் பெரிதாக்கி, பெரிதாக்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கழுத்து இருக்கு. ரெக்கை இருக்கு. வால்கூட இருக்கு மேடம்" என்று சாட்சி சொல்வது போலச் சொன்னார். கணவர், கல்லில் உட்கார்ந்திருந்தபோது தாம் தூங்கவே இல்லை என்று யாரும் கேட்காமலேயே விளக்கம் கொடுத்தார். மகள் கிளம்பலாம் என்றாள். நாத்தனார் மட்டும் பாயை மடிக்கவில்லை.

"அண்ணி, போலாமா?"

"இரு, கொஞ்சம்" என்றார் அவர். தண்ணீர்ப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். "எங்க வீட்டுக்காரர் போனதிலேர்ந்து நான் வாயை மூடினதே இல்லை, தெரியுமா? மூடினா மேல அந்த வீடு ஒரு மாதிரி இருக்கும். சுவரு நம்மளையே பாக்கும். அதான் கீழ இறங்கி வந்து உங்க உசுரை எடுக்கறேன். இங்க அப்படி இல்லம்மா. இங்கயும் யாருமில்ல. ஆனா பயமா இல்ல."

மைக் அக்கா பிளாஸ்கைத் திறந்தாள். அவருடைய டம்ளரில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள். இருவரும் மகள் ஹாரன் அடிக்கும் வரை உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று மதியம் அவள் கண்ணாடி அறையில் இருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. சுத்தம்.

"மேடம், பெருசாப் போட்டுப் பாத்தேன். மூணு புள்ளி இருக்கு."

"இடது பக்கம் மேல இருக்கறதுதான் பறவை."

"மத்த ரெண்டு?"

"அது தூசிதான். லென்ஸை நான் சரியாத் துடைக்கல."

"உறுதியா?"

"உறுதியா."

"தப்பா நினைக்காதீங்க. அதை ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டீங்கன்னா எடுத்துடறேன்."

வேலை முடிந்ததும் போய், அவர் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துக் காட்டினாள். அவர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை கேட்டுவிட்டு இரண்டைத் துடைத்தார். முடித்துச் சாய்ந்தபோது வழக்கமான சொல்லைச் சொல்லவில்லை. "பறவை அப்படியே இருக்கு" என்றார்.

சனிக்கிழமை பதினொன்றரைக்குப் படம் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை திறப்பு. நூலகர் அதை வாசிப்பறைக்குப் போகும் நடையின் கோடியில், ஒரு வெறும் சுவரில் மாட்டியிருந்தார். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. முதல் பரிசு சிரிக்கும் குழந்தை ஒன்றுக்குப் போனது. ஆனால் ஒன்று நடந்தது. வருகிறவர்கள் மற்ற படங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்து, இதன் முன்னால் நின்றதும் பேச்சை நிறுத்தினார்கள். என்ன இருக்கிறது என்று தேடுவார்கள். கிட்டே போவார்கள். கண்டுபிடித்ததும் இரண்டடி பின்னால் வந்து, சும்மா நிற்பார்கள். சுத்தம் காலையிலிருந்து மாலை வரை ஓரமாக நின்று, கண்டுபிடிக்க முடியாதவர்களுக்கு மட்டும், "இடது பக்கம், மேல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கணவர் தம் மாணவர்கள் எட்டுப் பேரை அழைத்து வந்து காட்டினார். பறவையைப் பார்க்க முடியாத ஒருவரை உண்மையாகவே கண் மருத்துவரிடம் போகச் சொன்னார்.

புதன்கிழமை விடியுமுன் மைக் அக்கா கேமராப் பையை மாட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைத் திறந்தாள். நாத்தனார் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். தலைக்குத் துணி சுற்றியிருந்தார். பிளாஸ்க் சிறியது, டம்ளர் இரண்டு.

"இடம் பெருசுதானே" என்றார். "நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். பஸ்ஸில பேசிக்கறேன். இறங்கினப்புறம் பேச மாட்டேன்."

மைக் அக்கா ஒரு நிமிடம் யோசித்தாள். யோசிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை என்று தோன்றியது.

"செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்குங்க. புல்லு ஈரமா இருக்கும்" என்றாள்.

முதல் பேருந்திலும் மாறி ஏறிய பேருந்திலும் இரண்டாவது இருக்கை கிடைத்தது. இறங்கும் இடம் வரைக்கும் நாத்தனார் மூன்று கல்யாணத்தைச் சொல்லி முடித்தார். நாலாவதில் பெண் வீட்டார் கிளம்பிக்கொண்டிருக்கும்போது வண்டி நின்றது. அவர் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, கைப்பிடியைப் பிடித்து இறங்கி, கரையில் தமக்குப் பிடித்த பக்கமாக நடந்து போனார்.